ஒரு பெல் அடித்தால் நில்

தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் படிப்பகத்தை இப்போது நடத்துகிற பிள்ளைகள் போன மாதம் என் வீட்டுக்கு வந்தார்கள். நல்ல பிள்ளைகள். வாரம் முழுக்க பெங்களூருக்கு ரயிலில் நின்றுகொண்டே போய் வேலை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் தூங்கலாம் என்றில்லாமல் வந்து படிப்பகத்தைத் திறக்கிறார்கள். இனிமேல் வாசகர்கள் புத்தகத்தைப் பற்றிய அபிப்பிராயத்தை ஃபோனிலேயே போட்டுவிடலாமாம். ஐந்து நட்சத்திரம் வரைக்கும் உண்டாம். பேர்கூடச் சொல்ல வேண்டாமாம். "அப்போ அந்த பெல்ல இன்னா பண்றது அக்கா? கழட்டி உள்ள வெச்சிடலாமா?" என்று கேட்டாள் அவர்களில் ஒருத்தி.

நட்சத்திரம் போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஃபோனைக் கண்டு மிரள்கிற ஆளும் நான் இல்லை. பேர் சொல்ல வேண்டாம் என்றார்களே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. ஒரு புத்தகத்தை நிறுத்து என்று சொல்கிறவர் முகத்தைக் காட்டாமல் சொல்லிவிட்டுப் போவது என்ன நியாயம்? கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "கோபப்படாதீங்க கௌதமியக்கா, உங்களுக்குத் தோணறத எழுதிக் குடுங்க, படிச்சிட்டு முடிவு பண்றோம்" என்றார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் நந்திதுர்க் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில், ஒரு லைன் வீட்டில் பிறந்தவள். அப்பா சுரங்கத்துக்குள்ளே, அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தார். பத்தாவது முடித்து, தட்டச்சு முடித்து, நூலகப் பயிற்சி என்று ஒரு வருடம் கோலாரில் புத்தகம் அடுக்கவும் அட்டை போடவும் கற்றுக்கொண்டு, படிப்பகத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். அங்கேயே வேலை பார்த்து அங்கேயே ஓய்வு பெற்றேன். புத்தகம் அடுக்குவதை யார் வேண்டுமானாலும் சொல்லித் தந்துவிடலாம். படித்துவிட்டு வருகிற மனுஷனிடம் எப்படிப் பேசுவது என்பதை எனக்குக் காட்டியவர் பாக்கியநாதன் சார்தான்.

அவர் எங்கள் படிப்பகத் தலைவர். ஒல்லியான உடம்பு, எப்போதும் முழுக்கை வெள்ளைச் சட்டை. ஒரு வாசகர் அபிப்பிராயம் சொல்ல வாயைத் திறந்தால் சார் எழுந்து நின்றுவிடுவார். சொல்வது கலெக்டரானாலும் சரி, மூக்கொழுகும் குழந்தையானாலும் சரி, அவர்கள் முடிக்கிற வரைக்கும் உட்கார மாட்டார். அவருக்கு முட்டிவலி உண்டு. அது எனக்கு மட்டும்தான் தெரியும். நீட்டி முழக்குகிறவர்கள் வந்தால் ஒரு கை மேசையை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். முகத்தில் ஒன்றும் தெரியாது.

அவரிடம் மாட்டிக்கொண்டு முழிப்பதற்கு ஒரு வார்த்தை போதும். "புத்தகம் நல்லா இருந்துச்சு சார்" என்று யாராவது சொன்னால் தீர்ந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "நல்லா இருக்கறதுக்கு அது இன்னா இட்லியா?" என்பார். பிறகு ஒரே கேள்வி. "இது யாரோட படிக்கிற புத்தகம்?" யாருக்கான புத்தகம் என்று அவர் கேட்டதே இல்லை. யாரோடு சேர்ந்து படிக்கிற புத்தகம் என்றுதான் கேட்பார். அதற்குப் பதில் சொல்லத் தெரியாதவரிடம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து, "இன்னொரு வாட்டி படிச்சிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார். பள்ளிக்கூட ஆசிரியர்களே முகம் சிவந்து திரும்பிப் போயிருக்கிறார்கள்.

இனி பெல்லுக்கு வருகிறேன். தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் பூமிக்கடியில் ஒவ்வொரு லெவலிலும் ஒரு பெல்மேன் இருப்பார். ஆட்களை ஏற்றி இறக்குகிற கூண்டுக்கு கேஜ் என்று பெயர். அதை இழுக்கும் எஞ்சின் மேலே இருந்தது. எஞ்சின் ஓட்டுகிறவருக்குக் கீழே நடப்பது எதுவும் தெரியாது. பெல்மேன் கயிற்றை இழுத்து அடிக்கிற மணியை வைத்துத்தான் கேஜ் நகரும். ஒரு பெல் அடித்தால் நில். இரண்டு அடித்தால் இறக்கு. மூன்று அடித்தால் ஆள் ஏறுகிறார்கள். நான்கு என்றால் மெதுவாக. எஞ்சின்காரர் அதே எண்ணிக்கையைத் திருப்பி அடித்துக் காட்ட வேண்டும். அந்தப் பதில் பெல் வராமல் ஒருவரும் காலை எடுத்து வைக்கக் கூடாது. ஷாஃப்டுக்கு ஷாஃப்ட், அதாவது ஒவ்வொரு சுரங்கக் குழிக்கும், இதில் சின்னச் சின்ன மாற்றம் உண்டு என்பார்கள். ஆனாலும் இங்கே பிறந்த குழந்தைக்கு அனா ஆவன்னா வருவதற்கு முன்னால் இந்தக் கணக்கு வந்துவிடும்.

மூடிப்போன ஏதோ ஒரு ஷாஃப்டின் பெல் எங்கள் படிப்பகத்து உத்தரத்தில் தொங்கியது. எப்படி வந்தது என்று நான் கேட்டதில்லை; நீங்களும் கேட்காதீர்கள். புதுப் புத்தகம் ஒன்றைப் படித்துத் திருப்பிக் கொடுக்கிறவர், கவுண்ட்டருக்குப் பக்கத்தில் நின்று அந்தக் கயிற்றை இழுத்துத் தன் அபிப்பிராயத்தை அடிக்க வேண்டும். இரண்டு பெல் என்றால் கீழ்த்தட்டில் இறக்கு, குழந்தைகள் தாங்களே எடுத்துப் படிக்கலாம். மூன்று என்றால் எல்லாரும் ஏறலாம், குடும்பமாகச் சேர்ந்து உட்கார்ந்து படிக்கிற புத்தகம். நான்கு என்றால் மெதுவாக, விஷயம் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற பெரியவர்கள் ஆற அமரப் படிக்க வேண்டியது. கவுண்ட்டரில் இருக்கிற நான் சின்ன மணியில் அதே எண்ணிக்கையைத் திருப்பி அடிப்பேன். பிறகு அவர் ஏன் என்று சொல்வார். புத்தகம் அதற்கான தட்டுக்குப் போகும்.

ஒரு பெல் அடித்தால் மட்டும் கதை வேறு. சுரங்கத்தில் 'நில்' என்ற பெல்லை யார் அடித்தாலும் எஞ்சின் நின்றே ஆக வேண்டும். அடித்தது மேஸ்திரியா கூலியா என்று பார்த்துக்கொண்டிருந்தால் ஆள் செத்துப்போவான். படிப்பகத்திலும் அப்படியே. ஒரே ஒருவர் ஒரு பெல் அடித்தால் போதும், புத்தகம் கவுண்ட்டரிலேயே நின்றுவிடும். ஆனால் அடித்தவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசகர்கள் எல்லார் முன்னாலும் நின்று காரணம் சொல்ல வேண்டும். நிறுத்தியவரே மணி அடித்தால்தான் அது மறுபடி நகரும். காரணம் சொல்லாவிட்டால் புத்தகம் தானாக விடுபட்டுவிடும். அடித்தவருக்கும் அவர் குடும்பத்துக்கும் படிப்பகம் கிடையாது. இந்தக் கடைசி விதி எனக்குப் பிடித்ததே இல்லை. ஒருவன் செய்ததற்கு அவன் பிள்ளையை ஏன் வெளியே நிறுத்த வேண்டும் என்று சாரிடம் சண்டை போட்டிருக்கிறேன். "வீட்டுல நாலு பேரு இருந்தா யோசிச்சு அடிப்பாங்க இல்ல?" என்பார்.

ஒரு முறை ஒரு சின்னப் பெண் பேய்க்கதைப் புத்தகத்துக்கு ஒரு பெல் அடித்துவிட்டாள். கயிறு எட்டவில்லை, எம்பி எம்பி இழுத்தாள். ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் நின்று, அந்தப் புத்தகம் படித்ததிலிருந்து பொழுது சாய்ந்தால் வெளியே கக்கூசுக்குப் போக முடியவில்லை என்றாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. சார் சிரிக்கவில்லை. "யாரோட சேந்து படிச்சிருந்தா பயம் இருந்திருக்காது?" என்று கேட்டார். "எங்கம்மாவோட" என்றாள். அப்புறம் அவளே யோசித்து, அவளே போய் மூன்று பெல் அடித்தாள். இன்று அவளுக்கு இரண்டு பிள்ளைகள்.

இப்படி எல்லாமே சிரித்து முடிந்திருந்தால் நான் இதை எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

சுரங்கத்தை மூடிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்த சமயம். மழை முடிந்து பனி இறங்கத் தொடங்கியிருந்தது. பெரிய இயந்திரத் தொழிற்சாலையின் குடியிருப்பிலிருந்து வசந்தா என்று ஒரு வாசகி வருவார். கணவருக்கு அங்கே எஞ்சினியர் வேலை. பிள்ளைகளுக்கான அறிவியல் புத்தகங்களை எங்கிருந்தாவது தேடிப் பிடித்து வாங்கிவந்து கொடுப்பது அவருக்கு ஒரு பைத்தியம். அந்த முறை அவர் கொடுத்தது மூச்சைப் பற்றிய ஒரு புத்தகம். மீன் எப்படி மூச்சு விடுகிறது, மரம் எப்படி, பிறந்த குழந்தை எப்படி என்று பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம். படிப்பதற்குப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள்.

முதலில் எடுத்துப்போனவள் யசோதா. ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். அவள் தாத்தா புத்ததாஸ், நந்திதுர்க் ஷாஃப்டில் பெல்மேனாக இருந்தவர், எங்களுக்கெல்லாம் தாஸண்ணன். அப்பா அசோகன் பெங்களூரில் வேலை, காலை இருட்டில் ரயிலேறிப் போய்ப் பொழுது சாய்ந்து வருவான். யசோதாவுக்குத் தாத்தாதான் எல்லாம். எந்தப் புத்தகம் எடுத்துப்போனாலும் அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் திருப்பித் தருவாள்.

அன்றைக்கு வந்து இரண்டு பெல் அடித்தாள். நானும் திருப்பி அடித்தேன். வழக்கமாகக் காரணத்தைப் படபடவென்று ஒப்பிப்பவள், வாயைத் திறக்காமல் நின்றாள். கூட்டம் குறைகிற வரை காத்திருந்து, புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து என்னிடம் காட்டினாள். கல் உடைக்கிற இடத்தில் வேலை பார்ப்பவர்களின் நுரையீரலைப் பற்றிய பக்கம். கல் தூசி உள்ளே போய் ஒட்டிக்கொண்டால் திரும்பி வராது, அந்த நோயைக் குணமாக்க மருந்து இல்லை என்று போட்டிருந்தது.

"அக்கா, இது பொய்தானே?" என்றாள்.

என் அப்பா போனதும் அந்தத் தூசியில்தான். நான் பொய் சொல்லவில்லை. "பொய் இல்லம்மா" என்றேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று புரியாது. இந்த ஊரில் எல்லாருக்கும் அந்த வியாதியின் பெயர் தெரியும். ஆனால் எந்த வீட்டிலும் அதைச் சொல்ல மாட்டார்கள். ஆஸ்துமா என்பார்கள், சளி என்பார்கள், பனி ஒத்துக்கவில்லை என்பார்கள். தெருவில் மூச்சுக்கு நின்று நின்று நடக்கிறவரைப் பார்த்தால், "வெயில் வந்தா சரியாப்பூடும்" என்று சொல்லிவிட்டுத்தான் தாண்டிப் போவோம். நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அசோகன் ரயிலிலிருந்து வீட்டுக்குக்கூடப் போகாமல், பை தோளில் இருக்கும்போதே உள்ளே வந்தான். கவுண்ட்டரில் அந்தப் புத்தகத்துக்காகப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய்க் கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தான். அவ்வளவு பலமாக அந்த பெல் அடித்து நான் கேட்டதே இல்லை. உத்தரத்திலிருந்து தூசி கொட்டியது. பிள்ளைகள் விலகி ஓடினார்கள்.

"அந்தப் புத்தகத்த எடுத்துடுங்க. இனிமே யார் கைக்கும் அது போகக் கூடாது" என்றான்.

பாக்கியநாதன் சார் எழுந்து நின்றார். கண்ணாடியைத் துடைத்தார். எனக்குக் கையைக் காட்டினார். நான் ஒன்று திருப்பி அடித்தேன்.

"நின்னுடுச்சு. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. அவசரமா? இல்ல அடுத்த ஞாயிறு வரியா?"

"எப்போ வந்தாலும் காரணம் சொல்ல மாட்டேன் சார்."

"அப்போ விதி தெரியும் இல்ல?"

"உங்க விதியத் தூக்கி குப்பையில போடுங்க."

"அடுத்த ஞாயிறு வா" என்றார் சார், ஏதோ டீ குடிக்க அழைப்பதைப் போல.

நான் அசோகனின் பின்னாலேயே படிக்கட்டு வரை ஓடினேன். அவனைக் கைக்குழந்தையிலிருந்து எனக்குத் தெரியும். "இன்னாடா இது? இன்னா ஆச்சு?" என்று கையைப் பிடித்தேன். அவன் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான்.

"பெரியாஸ்பத்திரியில சொல்லிட்டாங்கக்கா. இந்தப் பனிய தாண்டறது கஷ்டமாம். நைனாவுக்குத் தெரியாது. சளின்னுதான் சொல்லி வெச்சிக்கீறோம். யசோதா அந்தப் பக்கத்த அவருக்கே சத்தமாப் படிச்சிக் காட்டிக்கீறா. இப்போ ஸ்கூலுக்குப் போகமாட்டேங்கறா. அவர் நெஞ்சையே பாத்துனு உக்காந்துகீறா. மூச்சு நின்னுடுமோன்னு. இத்த அத்தன பேர் எதுருல எப்படிக்கா சொல்வேன்? மறுநிமிஷம் அவர் காதுக்குப் போயிடாதா?"

சொன்னால் அப்பாவிடம் மறைத்தது வெளிவந்துவிடும். சொல்லாவிட்டால் மகளுக்குப் படிப்பகம் இல்லை. அந்தப் பெண்ணுக்கு இந்த ஊரில் வேறு எங்கே புத்தகம் இருக்கிறது?

ஊர் வாய் சும்மா இருக்குமா? புத்தகத்தைக் கண்ணால் பார்க்காதவர்களுக்கெல்லாம் அதைப் பற்றி அபிப்பிராயம் வந்துவிட்டது. "நம்ம ஜனத்த கேவலமா எழுதிக்கீறாங்களாமே?" என்று ஒருவர் வந்தார். சாமியைத் திட்டியிருக்கிறார்களாம் என்று மார்க்கெட்டில் பேச்சு. பாலகாட் சுரங்கத்துப் பக்கமிருந்து சில இளைஞர்கள் வந்து, "அந்தப் புத்தகம் எங்க? எடுங்க பாக்கலாம்" என்று கவுண்ட்டரைத் தட்டினார்கள். நின்ற புத்தகத்தை யாருக்கும் காட்டக் கூடாது என்று சொல்லி, அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வசந்தா வந்து, "பிள்ளைங்க தெரிஞ்சுக்கட்டும்னுதானே வாங்கிக் குடுத்தேன்? காரணம் சொல்லாம நிறுத்தறது என்னங்க அராஜகம்?" என்று கண் கலங்கினார். அவரும் நியாயமாகத்தான் கேட்டார். அதுதான் கஷ்டமே.

வெள்ளிக்கிழமை பொறுக்க முடியாமல் சாரிடம் போனேன்.

"சார், எனக்குக் காரணம் தெரியும். நியாயமான காரணம். நான் சொல்றேன், நீங்க ஒத்துக்கினு விட்டுடுங்க."

"உன் வாயால கேட்டா அது வம்பு, கௌதமி. அவன் வாயால கேட்டாத்தான் அபிப்பிராயம்."

"அவனால சொல்ல முடியாது சார்."

"அப்போ எதுக்கு பெல்லத் தொட்டான்?"

எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. "நீங்க மனுஷன்தானா? அந்தப் பொண்ணு முகத்தப் பாத்தீங்களா?" என்று கத்தினேன். வேலையை விட்டுத் துரத்தினாலும் சரி என்றுதான் கத்தினேன். அவர் எழுந்து நின்றார். அபிப்பிராயம் சொல்கிற வாசகருக்கு நிற்பதைப் போல, நான் முடிக்கிற வரை நின்றார். பிறகு, "விதிய இன்னைக்கு இவனுக்காக வளைச்சா, நாளைக்கு காரணமே இல்லாம ஒருத்தன் வந்து எல்லாப் புத்தகத்தையும் நிறுத்துவான். அப்போ இந்த யசோதாவுக்குப் படிக்க இன்னா மிஞ்சும்?" என்றார். அதுவும் நியாயம்தான். ஆனாலும் அன்று அவரை எனக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் நிற்க இடமில்லை. பாலகாட் இளைஞர்கள் சன்னல் ஓரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வசந்தா முன்வரிசையில். யசோதா சுவரோரமாகத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அசோகன் வந்து நடுவில் நின்றான். சார் எழுந்தார்.

"சொல்லு."

அசோகன் கூட்டத்தைப் பார்த்தான். மகளைப் பார்த்தான். "அது... அந்தப் புத்தகத்துல..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டான். சன்னல் பக்கமிருந்து, "பயப்படாத அண்ணா, சொல்லு, யாரு இன்னா எழுதினான்?" என்று ஒரு குரல். வேறு பக்கமிருந்து, "காரணம் இல்லன்னா விடச் சொல்லுங்க சார்" என்று இன்னொரு குரல். யசோதா எழுந்துவிட்டாள். அவள் கையில் திருப்பிக் கொடுப்பதற்காக உறுப்பினர் அட்டை இருந்தது.

"காரணம் இருக்குதா, இல்லையா?" என்றார் சார்.

அப்போது வாசலில் அந்தச் சத்தம் கேட்டது. தங்கவயலில் அந்த மூச்சுச் சத்தத்தை யாரும் திரும்பிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கூட்டம் தானாக வழிவிட்டது. தாஸண்ணன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கதவைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

அசோகன் ஓடினான். "நைனா, இன்னாத்துக்கு வந்தீங்க? பனியில..."

"ஒரு பெல் அடிச்சா... பெல்மேன் வராம இருப்பானா?" ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் நிற்க வேண்டியிருந்தது. "அன்னைக்கு நீ அடிச்சது... லைன் வரைக்கும் கேட்டுச்சு."

யாரோ நாற்காலி போட்டார்கள். உட்காரவில்லை. புத்தகத்தைக் கேட்டுக் கையை நீட்டினார். நின்ற புத்தகம் அது. நான் சாரைப் பார்த்தேன். அவர் தலையை அசைத்தார். தாஸண்ணன் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து, பேத்தியிடம் நீட்டினார்.

"படி."

"வேணாம் தாத்தா."

"படி கண்ணு."

யசோதா படித்தாள். குரல் முதலில் வரவில்லை, பிறகு வந்தது. கல் தூசி உள்ளே போய் ஒட்டிக்கொண்டால் திரும்பி வராது. குணமாக்க மருந்து இல்லை. அந்தக் கூடத்தில் அதைக் கேட்ட எல்லாருக்கும் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தார், அல்லது இருந்து போயிருந்தார். சன்னல் ஓரத்து இளைஞர்கள் கட்டியிருந்த கையை அவிழ்த்துக்கொண்டார்கள்.

தாஸண்ணன் மகனைப் பார்த்துத் திரும்பினார். "நீ பத்தாவது படிக்கறப்போவே... மைன்ஸ் டாக்டர் எனக்குச் சொல்லிட்டாரு. வெளிய தெரிஞ்சா மேல் வேலைக்கு மாத்தி... கூலியக் கொறச்சிடுவாங்கன்னு... நான் உங்கிட்ட மறச்சேன். நீ இப்போ எங்கிட்ட மறைக்கற. ரெண்டு பேரும்... ஒரே வீட்டுல உக்காந்துனு... சளி, சளின்னு பேசிகினு இருக்கறோம்." மூச்சு வாங்கினார். "நடுவுல... இந்தக் கொழந்த மட்டும்... தனியாப் படிச்சிக்கீது."

அசோகன் முகத்தை மூடிக்கொண்டான்.

சார் மேசையை அழுத்திப் பிடித்தபடி நின்றிருந்தார். "தாஸ், புத்தகத்தப் பத்தி உன் அபிப்பிராயம்?" என்றார். அந்த நேரத்திலும் அதைக் கேட்டார்.

"புத்தகம் சரியாத்தான் சொல்லுது. ஆனா... இது தனியாப் படிக்கிற புத்தகம் இல்ல."

சொல்லிவிட்டு பெல் கயிற்றிடம் நடந்தார். பிடித்தார். ஒன்று. இரண்டு. அதோடு கை நின்றுவிட்டது. மூச்சு வரவில்லை. இரண்டு பெல் என்றால் அர்த்தமே வேறு, குழந்தைகள் தனியாக எடுத்துப் படிக்கலாம் என்றாகிவிடும். அதை அவரைவிட யார் அறிவார்? கயிற்றை விடவும் இல்லை, இழுக்கவும் இல்லை, அதிலேயே தொங்கியபடி நின்றார். யசோதா ஓடப் பார்த்தாள். சார் கையை நீட்டித் தடுத்தார். கூடத்தில் ஒரு இருமல் இல்லை.

மூன்றாவது பெல் மெல்ல அடித்தது.

என் கை தானாகச் சின்ன மணிக்குப் போனது, திருப்பி அடிக்க. "நீ இல்ல" என்றார் சார். "நிறுத்துனவன் அடிக்கணும்."

அசோகன் என்னிடம் வந்தான். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. மணியின் கயிற்றைப் பிடித்து அப்பாவைப் பார்த்துக்கொண்டே அடித்தான். ஒன்று, இரண்டு, மூன்று. பதில் பெல் வந்த பிறகுதான் தாஸண்ணன் கயிற்றை விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "ம், அடுத்த பக்கம் படி" என்றார் பேத்தியிடம். யசோதா தரையில் உட்கார்ந்து படித்தாள். அசோகன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். வசந்தா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் மரங்களின் மூச்சைப் பற்றியது.

புத்தகத்தை அவர்களே மறுபடி எடுத்துப்போனார்கள். காத்திருந்த பிள்ளைகளில் ஒருவரும் முதலில் எனக்குத்தான் என்று கேட்கவில்லை. யசோதா பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள். சாயங்காலத்தில் அந்த லைன் பக்கம் போகிறபோது மூன்று பேர் குரலும் கேட்கும் என்றார்கள். தாஸண்ணன் அந்தப் பனியைத் தாண்டவில்லை.

இந்தப் பிள்ளைகள் ஃபோனில் நட்சத்திரம் போடட்டும். பேரோடு போடச் சொல்லுங்கள், 'நில்' என்கிறவரை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள். பெல் அங்கேயே இருக்கட்டும். நான் சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

தாஸண்ணனின் காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் அசோகன் அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தான். யசோதா அவன் கையைப் பிடித்திருந்தாள். பாக்கியநாதன் சார் எழுந்து நின்றார். புத்தகத்தைக் கவுண்ட்டரில் வைத்துவிட்டு அசோகன் கொஞ்ச நேரம் அதன் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லா இருந்துச்சு சார்" என்றான்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். இட்லியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.